பிறந்த ஊர் குற்றமாகுமா?

களை எடுக்கத் தெரியாத கமக்காரர் நம்மிடையே இல்லை. நெல்லோடு நெல்லாய் முளைத்து, நெல்லைப் போலவே பச்சையாய் நிற்கும் புல்லை நாம் வரம்பில் நின்று பார்த்துத் தீர்மானிப்பதில்லை. சேற்றில் இறங்கிக் குனிந்து, தாளைக் கையில் பிடித்து, இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்த பின்னர்தான் இது நெல், இது புல் என்று சொல்கிறோம். வயலின் ஒரு மூலையில் களை கூடுதலாய் நிற்கிறது என்பதற்காக அந்த மூலைப் பயிர் முழுவதையும் பிடுங்கி எறிவோர் எவருமில்லை. அப்படிச் செய்பவனுக்குக் களையும் மிஞ்சாது, நெல்லும் மிஞ்சாது.

வயலில் நாம் காட்டும் இந்தக் கவனம் மனிதர் விடயத்தில் எத்தனை தடவை கைவிடப்பட்டது என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் நிற்கும். எல்லோரும் அடையாள அட்டையை எடுப்போம். அட்டையில் பெயர் இருக்கும், பிறந்த இடம் இருக்கும். சிலரின் அட்டை உடனே திரும்பி வரும். வேறு சிலரை மட்டும் இறங்கச் சொல்வார்கள். ஒரே பஸ்ஸில், ஒரே பிரயாணச் சீட்டில், பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் வந்தவர்கள்தான். இறங்கியவர் செய்த காரியம் எதுவும் அங்கு விசாரிக்கப்படவில்லை. அவர் பிறந்த ஊரே விசாரிக்கப்பட்டது.

யூரியா உரப்பை கொண்டுபோனவர் எதற்கு இவ்வளவு என்று கேட்கப்பட்டார். இரண்டு ஏக்கர் வயலுக்கு எத்தனை அந்தர் உரம் வேண்டும் என்பது கேட்டவருக்குத் தெரியாது. கேட்டவரின் மொழி பதில் சொன்னவருக்குத் தெரியாது. காய்கறி ஏற்றிய லொறியில் இருந்த மூட்டைகள் எல்லாம் இறக்கி, அவிழ்த்து, மீண்டும் ஏற்றப்படும்போது தக்காளி நசுங்கிப்போகும், கீரை வாடிப்போகும். சந்தைக்கு நேரம் தவறினால் கூலிக்கும் காணாது. இவை பத்திரிகைச் செய்தியாக வருவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு போகம் இப்படித்தான் கைநழுவிப் போனது.

இதைத்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம். ஒருவர் செய்த செயலைப் பார்த்து அவரைச் சந்தேகிப்பது பொலிசாரின் கடமை. ஒருவர் எந்த இனத்தவர், எந்த மொழி பேசுபவர், எங்கு பிறந்தவர் என்பதைப் பார்த்து மட்டும் சந்தேகிப்பது அநீதி. அது எவரையும் காப்பாற்றுவதுமில்லை. இந்த வித்தியாசத்தை நாம் விளங்கிக்கொள்வதும், நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவசியம்.

அச்சம் பொய்யல்ல

முதலில் ஓர் உண்மையை ஒத்துக்கொள்வோம். சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரரின் பயம் பொய்யான பயமல்ல. 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கியின் மீது வெடிமருந்து நிரப்பிய லொறி மோதியபோது 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயப்பட்டனர். காலையில் வேலைக்குப் போன எழுதுவினைஞர்களும் தெருவில் போன ஏழைகளும் அவர்களில் இருந்தனர். அப்படியொரு நாளுக்குப் பின்னர் லொறியை நிறுத்திப் பார்க்கவேண்டாம் என்று எவரும் கேட்க முடியாது. லொறியைச் சோதிப்பது நியாயம். எல்லா லொறிகளையும் ஒரே விதமாகச் சோதிப்பது இன்னும் நியாயம்.

ஆனால் அச்சம் ஒரு மனிதனின் கண்ணை மறைத்துவிடக்கூடியது. இரவு முழுவதும் கண்விழித்து, மேலதிகாரியின் கண்டிப்புக்குப் பயந்து, மொழி தெரியாத ஊரில் காவல் நிற்கும் ஓர் இளம் உத்தியோகத்தருக்கு ஆளைத் தனித்தனியே விசாரித்து அறிவது கடினம். அட்டையில் இருக்கும் பெயரைப் பார்ப்பது சுலபம். நிதானமாக விசாரிக்க வேண்டிய இடத்தில் இனம் குறுக்கு வழியாகிவிடுகிறது. தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் பொலிஸ் சேவையில் மிகக் குறைவாக இருந்தது இந்தக் குறுக்கு வழியை இன்னும் அகலமாக்கியது. கெட்ட மனம் படைத்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்றில்லை. நல்லவர்களும் ஒரு பிழையான முறைக்குள் நின்றால் பிழையையே செய்வார்கள். ஆகையால் திருத்தம் ஆட்களின் மனத்தோடு நின்றுவிடாமல் வேலை செய்யும் முறைக்கும் வரவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்நாட்டின் சட்டம் இந்த விடயத்தில் ஊமையாக இல்லை. 1951ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்ற நீதியரசர் கிரேஷியன், முத்துசாமி எதிர் கன்னங்கர என்ற வழக்கில் இதைத் தெளிவாக்கினார். என்ன குற்றம் என்றே தெரியாமல், பொதுவான, தெளிவற்ற ஒரு சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்து, பின்னர் ஏதாவது சாட்சியம் அகப்படும் என்று எதிர்பார்ப்பது சட்டவிரோதம் என்பதே அத்தீர்ப்பின் சாரம். குறித்த ஒரு குற்றம் இருக்கவேண்டும். அக்குற்றத்தோடு அந்த ஆளைத் தொடர்புபடுத்த நியாயமான காரணமும் இருக்கவேண்டும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அதன் இரண்டாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. பிறந்த இடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த வரியைப் பார்த்து நம்மை பஸ்ஸிலிருந்து இறக்கினார்களோ, அந்த வரிக்கே அரசியலமைப்பு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 13ஆம் உறுப்புரை, சட்டம் விதித்த நடைமுறையின்படியன்றி எவரையும் கைது செய்யலாகாது என்றும், கைது செய்யப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்படவேண்டும் என்றும், குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் குற்றமற்றவராகக் கொள்ளப்படவேண்டும் என்றும் கூறுகிறது.

அப்படியானால் அத்தனை அநீதி எப்படி நடந்தது? சாதாரண சட்டத்துக்குப் பக்கத்தில் விசேட சட்டங்கள் வைக்கப்பட்டன. சாதாரண குற்றவியல் சட்டத்தின்படி கைது செய்யப்பட்டவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவரவேண்டும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த நேரத்தை 72 மணித்தியாலமாக்கியதுடன், அமைச்சரின் உத்தரவின் பேரில் 18 மாதம்வரை தடுத்துவைக்கவும் இடம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அந்த 18 மாதம் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. காவலில் வைக்கும் காலம் நீளும்போது, சந்தேகத்துக்குக் காரணம் தேடும் அவசரம் குறைந்துபோகிறது. முதலில் பிடிப்போம், பிறகு பார்ப்போம் என்ற பழக்கம் வேர்விடுகிறது.

முகாம் வாசலில் ஒரு பாஸ்

வவுனியாவில் பாஸ் எடுத்து வாழ்ந்த காலத்தை மறந்தவர்கள் நம்மில் குறைவு. வன்னியிலிருந்து வந்தவர்கள் நகருக்குள் தங்கவும், கொழும்புக்குப் போகவும், ஆஸ்பத்திரிக்குப் போகவும் பாஸ் வேண்டியிருந்தது. வகை வகையான பாஸ்கள் இருந்தன. அந்தப் பாஸுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற தாய்மார் எத்தனை பேர்! நாள் தவறினால் கூலிவேலையும் போகும், சுகவீனமான பிள்ளையின் வைத்தியமும் தள்ளிப்போகும். இது சட்டம் என்றுதான் நாமெல்லோரும் நினைத்திருந்தோம். சீருடை போட்டவர் சொன்னது சட்டமாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

சிதம்பரபுரம் முகாமில் வாழ்ந்த ஒருவர் அப்படி நம்பி இருந்துவிடவில்லை. முகாமுக்கு வெளியே போய்வரத் தனக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்து 2002இல் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. அத்தடைக்குச் சட்ட ஆதாரம் கிடையாது என்றும், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் கொடுத்திருக்கும் நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டது என்றும் நீதிமன்றம் கண்டது.

இந்தத் தீர்ப்பை நாம் நின்று யோசித்துப் பார்க்கவேண்டும். பல்லாயிரம் பேர் ஆண்டுக்கணக்காக வரிசையில் நின்று பெற்ற ஒரு கடதாசிக்குப் பின்னால் சட்டம் இருக்கவில்லை. கேட்க ஒருவர் முன்வந்தபோதுதான் அது வெளியே வந்தது. அவர் அமைச்சரோ பெரிய பணக்காரரோ அல்ல. நம்மைப் போல் முகாமில் இருந்த ஒருவர்.

ஓர் அதிகாலை, பஸ்கள்

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பில் தமிழர்கள் தங்கியிருந்த லொட்ஜ்களுக்குப் பொலிசார் வந்தனர். அங்கிருந்தவர்களில் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களும் இருந்தார்கள். பொருட்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். இப்படி அனுப்பப்பட்டவர்கள் 376 பேர். அவர்களில் 85 பேர் பெண்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்கள்மேல் சொல்லப்பட்ட குறை. தன் நாட்டின் தலைநகரில் ஓர் இரவு தங்குவதற்கு வேறு எந்தப் பிரசையிடம் காரணம் கேட்கப்பட்டது?

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே, ஜூன் 8ஆம் திகதி, இவ்வாறு வெளியேற்றுவதை நிறுத்தும்படி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. அனுப்பப்பட்டவர்களில் பலர் மீண்டும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர். சில நாட்களுக்குள் அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க, நடந்தது பெரிய தவறு என்று பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். போர் உச்சத்தில் இருந்த காலத்திலேயே இது நடந்தது. போர்க்காலத்திலும் நீதிமன்றக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் அதை யாராவது போய்த் தட்டவேண்டியிருந்தது.

விளங்காத கடதாசியில் பெருவிரல்

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. 1993 ஜூலையில் ஒரு நாள் விடியற்காலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கிராமம் சுற்றிவளைக்கப்பட்டது. சுமார் 150 தமிழ் ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். காரணம் எவருக்கும் சொல்லப்படவில்லை. அவர்களில் ஓர் இளைஞரிடம் பின்னர் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் எடுக்கப்பட்டது. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே. அதில் அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அந்தக் கடதாசியை ஆதாரமாக வைத்து 1995இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அதை 35 வருடமாகக் குறைத்தது.

சாதாரண சட்டத்தில் பொலிசாருக்குக் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன் கொடுத்த ஒப்புதலை ஏற்றுக்கொண்டது. அது பலவந்தமாக எடுக்கப்பட்டது என்று காட்டும் பாரத்தையும் கைதியின் தலையிலேயே வைத்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 ஜூலையில் இவ்வழக்கை ஆராய்ந்து, அந்த இளைஞருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு செய்தது. ஆயினும் 2006இல் இந்நாட்டின் உயர் நீதிமன்றம் அம்முடிவின்பேரில் தண்டனையை மீளாய்வு செய்ய மறுத்துவிட்டது.

ஒரு கிராமத்து ஆண்கள் எல்லோரையும் ஒரே கட்டாகப் பிடித்த காலையில்தான் இந்த அநீதி தொடங்கியது. தனி ஆளுக்கு எதிராக எதுவும் கையில் இல்லாதபோது, பிடித்த பின் எதையாவது உண்டாக்கிக்கொள்ளவேண்டிய தேவை வந்துவிடுகிறது. 1951இல் நீதியரசர் எச்சரித்ததும் இதைத்தான்.

இதனால் பாதுகாப்பு வந்ததா?

இனத்தைப் பார்த்துச் சோதிப்பது கொஞ்சம் அநியாயம்தான், ஆனாலும் குற்றவாளி அகப்படுகிறான் அல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல, போர் நடக்காத ஒரு தூர நகரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் தெருவில் போகிறவர்களைப் பொலிசார் நிறுத்தி விசாரித்து, உடலைத் தடவிச் சோதிப்பது ஒரு பெரிய நடவடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் உத்தியோகத்தர் ஒரு படிவம் நிரப்பவேண்டும் என்ற விதி அங்கு இருந்தபடியால் கணக்கு கிடைத்தது. 2011ஆம் ஆண்டில் மட்டும் 685,724 தடவை மக்கள் நிறுத்தப்பட்டனர்.

இது பற்றிய வழக்கில் 2013 ஓகஸ்ட் மாதம் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் தீர்ப்பளித்தார். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை நடந்த 44 இலட்சம் சோதனைகளை அவர் பார்த்தார். நிறுத்தப்பட்ட 100 பேரில் 52 பேர் கறுப்பினத்தவர், 31 பேர் ஸ்பானிய வழி வந்தவர், 10 பேர் மட்டுமே வெள்ளையர். ஆனால் நகரின் குடிமக்களில் கறுப்பினத்தவர் நாலில் ஒரு பங்குகூட இல்லை; வெள்ளையரோ மூன்றில் ஒரு பங்கு. நிறுத்தப்பட்ட 100 பேரில் 88 பேர் எந்த நடவடிக்கையும் இல்லாமல் அனுப்பப்பட்டார்கள். உடலைத் தடவிச் சோதித்தபோது ஆயுதம் அகப்பட்டது 100 தடவையில் ஒன்றரைத் தடவைதான். இந்நடைமுறை சமத்துவ உரிமையை மீறியது என்று நீதிபதி தீர்த்தார்.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். இப்படி நிறுத்துவது படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2018இல் சுமார் 11,000 ஆயிற்று. குற்றம் பெருகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. 2011இல் அந்நகரில் 515 கொலைகள் நடந்தன, 2018இல் 295. சோதனை குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று நாம் சொல்லவில்லை; அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் இலட்சக்கணக்கான அப்பாவிகளைச் சுவரோடு நிறுத்தாமலே ஒரு நகரத்தைக் காக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது.

காரணம் நமக்குப் புதிதல்ல. குற்றத்தைக் கண்டுபிடிக்கப் பொலிசாருக்கு மிகவும் உதவுவது ஊர்மக்கள் கொண்டுவரும் தகவல். மாடு களவு போனால், தண்ணீர்ப் பம்பு களவு போனால், யார் புதிதாக ஊருக்குள் வந்தார் என்பது ஊருக்குத்தான் தெரியும். ஆனால் நம்மையே கள்வனாகப் பார்ப்பவரிடம் நாம் போய்த் தகவல் சொல்வோமா? நிலையத்துக்குள் போனால் திரும்பி வருவோமா என்று பயப்படும் ஊரில் உண்மையான குற்றவாளிதான் நிம்மதியாக இருப்பான்.

நமது பக்கத்தையும் பார்ப்போம்

இதுவரை நமக்குச் செய்யப்பட்டதைச் சொன்னோம். இனி கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். 70,000க்கும் அதிகமானோர் வீடு, வயல், கடை, மாடு யாவற்றையும் விட்டுப் புத்தளத்துக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள். அங்கும் தனி ஆள் எவரும் விசாரிக்கப்படவில்லை. ஒரு சமூகம் முழுவதும் சந்தேகிக்கப்பட்டது. அதைச் செய்தது பொலிஸ் அல்ல. ஆனால் 2007இல் லொட்ஜ் வாசலில் நின்ற நியாயமும் இதுவும் ஒரே நியாயம். அன்று நம்மில் பலர் பயத்தில் வாய்திறக்கவில்லை. சிலர் அயலவரின் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்பதையும் நன்றியோடு நினைக்கிறோம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் நமது சொந்தங்கள் வழிபாட்டு இடத்திலேயே இறந்தார்கள். அந்தத் துயரம் பெரியது. ஆனால் அதற்குப் பின்வந்த நாட்களில் சந்தேகம் குண்டு வைத்தவர்களோடு நிற்கவில்லை. கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட சட்டை அணிந்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டு வாரக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். அந்நாட்களில் பஸ்ஸில் முக்காடு அணிந்த ஒரு தாயின் பையை மட்டும் திறக்கச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த நாம் என்ன செய்தோம்? நமது பையைத் திறக்கச் சொல்லவில்லை என்று ஆறுதலடைந்தோமா? நேற்று நாம் பட்டது அதுதான் என்று நினைத்துப் பார்த்தோமா?

நியாயம் நமக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டால் அது சலுகை கேட்பதாகிவிடும். எல்லோருக்கும் கேட்கும்போதுதான் அது உரிமையாகிறது.

நாம் செய்யக்கூடியவை

கோபத்தோடு வீட்டில் இருப்பதால் பயனில்லை. சாவடியில் சண்டை பிடிப்பதும் வேண்டாம். ஆயுதம் வைத்திருப்பவரோடு வாதாடுவது ஆபத்து. அமைதியாக, ஆனால் விடயம் தெரிந்தவர்களாக நடந்துகொள்வோம்.

முதலாவது, கைது செய்வதானால் காரணத்தைப் பணிவாகக் கேட்கவேண்டும். என்ன குற்றத்துக்காக என்பதைச் சொல்லவேண்டியது அவர்களின் கடமை. கொண்டுபோகும் இடம், உத்தியோகத்தரின் பெயர் அல்லது இலக்கம், வாகன இலக்கம், நேரம் ஆகியவற்றை வீட்டில் உள்ளவர்கள் உடனே ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளவேண்டும். ஞாபகத்தை நம்பி விடக்கூடாது.

இரண்டாவது, பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்ணே, மரியாதை குறையாமல், சோதிக்கவேண்டும். இது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் எழுதியிருக்கும் விதி. வாய்விட்டுக் கேட்க நமது பெண்பிள்ளைகளைப் பழக்குவோம்.

மூன்றாவது, விளங்காத மொழியில் எழுதிய எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்கக்கூடாது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. 1987இல் செய்த 13ஆவது திருத்தம் அதைச் சொல்கிறது. முறைப்பாடு கொடுக்கப் போனாலும் எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்கவேண்டும். சொன்னதற்கும் எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் திருத்தச் சொல்லவேண்டும்.

நான்காவது, நாட்கணக்கைக் கவனிக்கவேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். வயல்வேலை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் அந்த மாதம் ஓடிவிடும். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அம்முறைப்பாடு ஆணைக்குழுவின் விசாரணையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணமில்லை. எழுதிய கடிதத்தின் பிரதியையும், கொடுத்ததற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வைக்கவேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஐந்தாவது, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவர் கைது செய்யப்பட்டால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று அதே 1996ஆம் ஆண்டுச் சட்டம் பொலிசாரையும் படையினரையும் கட்டுப்படுத்துகிறது. அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் வீட்டாரும் அறிவிக்கவேண்டும்.

ஆறாவது, இவற்றைத் தனியாகச் செய்யவேண்டாம். கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகிய ஒவ்வொன்றிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவரை இதற்கென்று தெரிவு செய்துவைத்தால், நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது யாரிடம் போவது என்று ஒரு தாய் திகைத்து நிற்கவேண்டி வராது. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியையும் கூட்டத்துக்கு அழைத்து, நமது தேவைகளையும் குறைகளையும் முகத்துக்கு முகம் பேசுவதும் நல்லது. நியாயமாக நடந்த உத்தியோகத்தரைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதவும் நாம் பின்நிற்கக்கூடாது. ஒரு சேவை திருந்துவது உள்ளே இருக்கும் நல்லவர்களின் கை பலப்படும்போதுதான்.

வாசகர்களே, நாம் எவரிடமும் சலுகை கேட்கவில்லை. எங்கள் பிள்ளை குற்றம் செய்தால் விசாரியுங்கள். சாட்சியத்தோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அவன் பிறந்த ஊரின் பெயரைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம். களை பிடுங்க வருகிறவர் சேற்றில் இறங்கிக் குனிந்து பார்க்கட்டும். பக்கத்து வயலில் வேறொருவரின் பயிரைப் பார்க்காமல் பிடுங்கினாலும், அங்கேயும் நாம் போய் இதையே சொல்வோம்.